மாநிலப் பட்டியல், எண் பத்து

அந்தக் கறுப்புக் கோட்டை மேல வைக்காதீங்க சார், மடியிலயே வச்சுக்குங்க. இந்த வண்டியில மேல் தட்டுல வச்சா கிளியனூர் தாண்டறதுக்குள்ள எவனாவது வாழைத்தாரைத் தூக்கி அது மேல வச்சிடுவான். பாண்டி கோர்ட்டுக்குப் போறீங்களா? நெனச்சேன். திண்டிவனத்து வக்கீல் அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். உங்களைத் தெரியலை, அப்ப புதுசு.

நான் தணிகாசலம். கோர்ட்டுல சிரஸ்தாரா இருந்து ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆகுது. நீங்க கொண்டாந்து குடுக்கற மனுவை ஜட்ஜுக்கு முன்னால பாக்கறவன் நான்தான். மார்ஜின் விட்டிருக்கா, தேதி போட்டிருக்கா, வரிசை எண் இருக்கா, இணைப்பு இருக்கா, கையெழுத்து இருக்கா. ஒண்ணு குறைஞ்சாலும் திருப்பிடுவேன். உள்ள என்ன எழுதியிருக்குன்னு மட்டும் படிக்க மாட்டேன். அது ஜட்ஜோட அதிகாரம். அதுல நான் தலையிட்டதே கிடையாது.

உங்ககிட்ட ஒரு சட்டச் சந்தேகம் கேக்கணும். பட்டானூர் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. ஆமாம், பட்டானூருக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். கண்டக்டர் பாண்டியான்னு கேட்டார், இல்லைன்னேன். அதுக்குக் காரணம் இருக்கு, அப்பறம் சொல்றேன். ஒரு சட்டம் சார். அரைப் பக்கம்தான். அதுல ஓட்டை இருக்கான்னு பாத்துச் சொல்லணும். பதினாறு நாளா நானும் தேடறேன், கெடைக்கலை.

முதல்லேருந்து சொன்னாத்தான் புரியும். நான் சட்டக் கல்லூரியில ரெண்டு வருஷம் படிச்சவன். அரசியலமைப்புச் சட்டத்துல நான்தான் முதல் மார்க். பேராசிரியரே என்னைக் கூப்பிட்டு, தணிகாசலம், நீ இந்தப் பாடத்துலயே மேல படின்னார். படிச்சிருப்பேன். எங்கப்பா அதே வருஷம் போயிட்டார். அவர் கோர்ட்டுல அமீனாவா இருந்தவர். வாரிசு வேலையா எனக்கு எழுத்தர் வேலை குடுத்தாங்க. அதோட சரி. முப்பத்தேழு வருஷம் சர்வீஸ். வரப்புத் தகராறு, வேலித் தகராறு, பாகப்பிரிவினை, பாதை வழக்கு. மத்திய அரசுக்கு எதுக்கு அதிகாரம், மாநிலத்துக்கு எதுக்கு அதிகாரம்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு கேஸ் அந்த வாசல் ஏறி வந்ததில்லை. இருநூத்தி நாப்பத்தாறாவது பிரிவை மனப்பாடமா வச்சுக்கிட்டு நான் மாட்டுக்கொட்டகை வழக்குக்கு நம்பர் போட்டுக்கிட்டிருந்தேன். வயிறு எரியும் சார்.

அப்பறம் கல்யாணம். அவ பேரு அஞ்சுகம். கடலூர்ப் பக்கம். அவங்கப்பா பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், கொஞ்சம் விளையாட்டுப் பேச்சு. மறுவீடு போனப்ப சாப்பாட்டு இலை முன்னால உக்காந்து, மாப்பிள்ளை, வீட்டுல சண்டை வராம இருக்கணும்னா யாருக்கு எது அதிகாரம்னு முதல்லயே பிரிச்சுக்கணும்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. எனக்குள்ள ஒரு விளக்கு எரிஞ்சுது.

வீட்டுக்கு வந்ததும் லீகல் சைஸ் பேப்பர் வாங்கி மூணு பட்டியல் எழுதினேன். மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். மத்தியம் நான். மாநிலம் அவ. பாதுகாப்பு, அதாவது பூட்டு சாவி, மத்தியம். வெளியுறவு, அதாவது சொந்தக்காரங்க, மத்தியம். தபால், தொலைபேசி மத்தியம். மாநில எல்லை தாண்டிப் போறது வர்றது மத்தியம், எண்பத்தொண்ணாவது எண். சமையல், தண்ணி, சுகாதாரம், ஆஸ்பத்திரி எல்லாம் மாநிலம். கல்யாணம் காட்சி, பிள்ளைகளோட படிப்பு பொதுப் பட்டியல், ரெண்டு பேருக்கும் உரிமை. முரண்பட்டா மத்தியச் சட்டம் நிக்கும். எதுலயும் சேராத மிச்ச அதிகாரம் மத்தியத்துக்கு. எல்லாம் நம்ம அரசியலமைப்புல உள்ளபடியே. மாநிலம் ஒரு சட்டம் போட்டா அது ஒப்புதலுக்கு வரணும். அதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு வச்சேன். 'ஒப்புதல் அளிக்கப்பட்டது.'

வீட்டுக்கு வேண்டியதை மட்டும் எழுதியிருக்கலாம்தான். மனசு வரலை. அசல்ல இருக்கற ஒரு எண்ணை விட்டா அது அரைகுறை அரசியலமைப்பு. அதனால மாநிலப் பட்டியல்ல இருக்கறதை வரிசையா அப்படியே எழுதினேன். சந்தை, சத்திரம், மீன்பிடிப்பு உள்பட. பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டினேன். அஞ்சுகம் பக்கத்துல நின்னு விரல் வச்சுப் படிச்சா. பத்தாவது எண்ணுல விரல் நின்னுது. 'அடக்கம் செய்தல், இடுகாடு, சுடுகாடு.'

"சுடுகாடு எனக்காங்க?"ன்னா. சிரிச்சுக்கிட்டே கேட்டா.

ஆமாம், அது மாநிலப் பட்டியல், உனக்குத்தான் முழு அதிகாரம், நான் தலையிட முடியாதுன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கலை. அப்ப இருபத்திரண்டு வயசு அவளுக்கு. அப்படிச் சிரிச்சு அப்பறம் நான் பாத்ததில்லை.

என்னைத் தப்பா நெனைக்காதீங்க. நான் சர்வாதிகாரி இல்லை. தெருவுல போய்க் கேட்டுப் பாருங்க, ஒரு நாள் கை நீட்டினதில்லை, குரல் உசத்தினதில்லை. அவ சமையல்ல உப்பு அதிகம்னுகூட நான் சொன்னது கிடையாது. அது அவ அதிகாரம். சாப்பிடாம எந்திரிச்சுப் போவேன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவை முன்னூத்தி அம்பத்தாறு பயன்படுத்தினேன். ஆட்சிக் கலைப்பு. நீங்க சிரிக்கறீங்க. அதுல சிரிக்க ஒண்ணுமில்லை. கல்யாணமாகி நாலாவது வருஷம். அவங்கம்மாவுக்கு முடியலைன்னு கடலூர்லேருந்து ஆள் வந்து சொல்லியிருக்கான். நான் கோர்ட்டுல இருக்கேன். இவ ரெண்டு வயசுக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு, கதவுல சீட்டு எழுதிச் செருகிட்டு, பாண்டி வழியா பஸ் ஏறிப் போயிட்டா. எழுத்து மூலம் அனுமதி இல்லாம எல்லை தாண்டறது. ஒண்ணு இல்லை சார், ரெண்டு எல்லை. பாண்டிக்குள்ள போறப்ப ஒண்ணு, வெளிய வர்றப்ப ஒண்ணு.

மூணாம் நாள் திரும்பி வந்தா. வாசல்ல நிக்க வச்சு அறிவிப்பை வாசிச்சேன். மாநிலத்துல அரசியலமைப்புப்படி ஆட்சி நடக்கலைன்னு எனக்குத் திருப்தி ஏற்பட்டதால அதிகாரம் அத்தனையும் மத்தியம் எடுத்துக்குது. செஞ்சியிலேருந்து எங்க ரஞ்சிதம் அக்காவைக் கூட்டிட்டு வந்து ஆளுநரா உக்கார வச்சேன். அடுக்களைச் சாவி அக்கா இடுப்புல. அஞ்சுகம் ஒரு கொத்து கறிவேப்பிலை வேணும்னாலும் அக்காவைக் கேக்கணும். குழந்தைக்குப் பால் ஆத்தணும்னாலும் கேக்கணும். அக்கா கொஞ்சம் காது மந்தம். ரெண்டு மூணு தடவை கேக்க வேண்டியிருக்கும்.

ஆறு மாசம்தான் வச்சிருந்தேன். அப்பறம் இன்னொரு ஆறு மாசம் நீட்டிச்சேன், அதுக்கும் வழி இருக்கு. அந்த நடுவுல அவங்கம்மா தவறிட்டாங்க. போறதுக்கு அனுமதி குடுத்தேன். குடுக்கலைன்னு எவனும் சொல்ல முடியாது, ஃபைல்ல இருக்கு. காலைல போய்ச் சாயந்தரம் வரணும்னு நிபந்தனை போட்டேன். அதே மாதிரி வந்தா. எடுக்கறதுக்கு முன்னாலயே கெளம்பி வந்துட்டா, கடைசி பஸ் போயிடுமேன்னு.

அதுக்கப்பறம் முப்பது வருஷம் வீடு கோர்ட் மாதிரி ஓடிச்சு. எது வேணும்னாலும் எழுத்துல வரும். மாசம் பொறந்தா அவளோட காகிதங்களை ஒரு அட்டையில செருகி என் மேசை மேல வச்சிடுவா. இந்த மாசம் ஊறுகாய் போடறது பத்தி, பரண்ல பாத்திரம் ஏத்தறது பத்தி, தண்ணித் தொட்டி கழுவறது பத்தி. அவ பட்டியல்ல உள்ள விஷயம், நான் ஏன் படிக்கணும்? மார்ஜின் பாப்பேன். தேதி பாப்பேன். ஸ்டாம்ப் குத்தி இனிஷியல் போட்டுத் திருப்பிடுவேன். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் அவளுக்கு. எங்க ஆபீஸ்லகூட யாரும் அப்படி மார்ஜின் விட்டதில்லை.

மகளைப் பத்திச் சொல்லணுமே. இந்துமதி. ஒரே பொண்ணு. பாண்டியில வேலை. கூட வேலை பாக்கற பையனைக் கட்டிக்கறேன்னா, வேற சாதி. பொதுப் பட்டியல் விஷயம், அதனால ரெண்டு அரசும் தனித்தனியா முடிவு எடுத்தோம். அஞ்சுகம் சம்மதம்னு எழுதினா. நான் மறுத்தேன். முரண்பட்டா எது நிக்கும்? நீங்களே சொல்லுங்க. அதைத்தான் நானும் சொன்னேன். அந்தப் பொண்ணு கேக்கலை, போய்க் கட்டிக்கிச்சு. நான் ஒரு கடிதம் எழுதினேன். இன்றைய தேதியிலிருந்து நீ ஒரு அந்நிய நாடு. இரு தரப்பிலும் எழுத்து மூலம் முன் அனுமதி இல்லாமல் போக்குவரத்து கிடையாது. நகல் அஞ்சுகத்துக்கு. தொலைபேசி மத்தியப் பட்டியல், அதை எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். அஞ்சு வருஷம் ஆச்சு.

கிளியனூர் வந்துடுச்சு. பாருங்க, வாழைத்தார் ஏறுது. சொன்னேனில்ல.

போன வருஷம் ஆவணி மாசம் அவளுக்கு உடம்புல ஒரு கட்டி. பொம்பளைங்களுக்கு வர்ற இடத்துல. என்கிட்ட சொல்லலை, சொல்லவும் வேணாம், சுகாதாரம் அவ பட்டியல். தெருக்கோடியில இருக்கற லேடி டாக்டர்கிட்ட அவளே போய்க் காட்டியிருக்கா. அந்தம்மா, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, தள்ளிப் போடாதேன்னு சொல்லி அனுப்பியிருக்கு.

அன்னைக்கு சாயந்தரம் வந்து முன்னால நின்னா. "என்னங்க, கூட வாங்க, எனக்குத் தனியா போகப் பயமா இருக்கு"ன்னா. வாயால கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு சார், இல்லைன்னு சொல்லலை. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்கே. மாநில விஷயத்துல மத்தியம் மூக்கை நுழைக்கலாமா? நாட்டுல அதைத்தானே தப்புங்கறோம்? விழுப்புரம் போ, செங்கல்பட்டு போ, மெட்ராஸ் போ, தமிழ்நாட்டுக்குள்ள எங்க வேணா போ, உன் இஷ்டம், நான் தடுக்க மாட்டேன்னு சொன்னேன். முழு சுயாட்சி. வேற எந்தப் புருஷன் குடுப்பான்?

அவ போகலை. மறுநாள் மனு வந்துது. பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி கோருதல். பாண்டி! அங்க மகள் இருக்கா இல்ல? எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. கட்டியாவது ஒண்ணாவது. அம்மாவும் மகளும் சேந்து எல்லையைத் திறக்கறதுக்குப் போடற வழி. இத்தனை வருஷம் நம்பர் போட்டவனுக்கு இது தெரியாதா?

மனுவைப் பாத்தேன். காரணம் சரியா குறிப்பிடலை. திருப்பினேன். ரெண்டாவது தடவை காரணத்தோட வந்துது, டாக்டர் சீட்டு இணைக்கலை. திருப்பினேன். மூணாவது தடவை சீட்டு இருந்துது, நகல்தான் இருந்துது, அசல் இல்லை. திருப்பினேன். நாலாவது தடவை எல்லாம் சரியா இருந்துது. ஒரு குறை சொல்ல முடியாது. திருப்ப முடியலை. அதனால எடுத்துக்கிட்டேன். கீழ எழுதினேன், 'மனு கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது.'

பரிசீலனைன்னா பரிசீலனைதான் சார். நான் சும்மா உக்காந்திருக்கலை. முன்மாதிரி பாக்கணும். ஒரு தடவை திறந்துட்டா அப்பறம் தீபாவளிக்குத் திறன்னு வரும், பிரசவத்துக்குத் திறன்னு வரும். புரட்டாசி போச்சு, ஐப்பசி போச்சு. ஒவ்வொரு மாசமும் ஒண்ணாம் தேதி அவ அட்டை வரும். அதுல ஒரு நினைவூட்டல் இருக்கும். அதுலயும் அதையே எழுதி அனுப்புவேன். பரிசீலனையில் உள்ளது. கார்த்திகையில ரவிக்கை மேல ஈரம் தெரிய ஆரம்பிச்சுது. துண்டு போத்திக்கிட்டே நடமாடுவா. கோலம் போடறதை நிறுத்திட்டா, குனிய முடியலைன்னு. அடுக்களையில ஒரு நாத்தம் இருந்துது. நான் ஒண்ணும் கேக்கலை. என் அதிகாரம் இல்லை.

தை மாசம் உத்தரவு போட்டேன். நாலு மாசம் இருபது நாள். அரசாங்கத்துல இதெல்லாம் வேகம். நிபந்தனை ரெண்டே ரெண்டு, ஒரே நாள்ல திரும்பணும், மகள் வீட்டுல தங்கக் கூடாது. லேடி டாக்டரே தன் வீட்டுலேருந்து போன் போட்டுச் சொல்ல, அந்தப் பொண்ணு கார் எடுத்துக்கிட்டு வந்து நின்னுது. வாசப்படி ஏறலை. அம்மாவைத் தூக்கித்தான் ஏத்த வேண்டியிருந்துது. என்னைப் பாத்து ஒரு வார்த்தை பேசலை, அதுவும் சரிதான், முன் அனுமதி இல்லை.

ஒரே நாள்ல வரலை. நிபந்தனை மீறல். பதினோரு நாள் கழிச்சு வந்தா. அங்க டாக்டர் கேட்டாராம், இவ்வளவு நாள் எங்க இருந்தீங்கன்னு. முப்பத்தெட்டு கிலோமீட்டர்ல இருந்தோம்னு இந்துமதி சொல்லிச்சாம். இனிமே பண்ண ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னுட்டார்.

மகள் எவ்வளவோ கெஞ்சியிருக்கு, என் வீட்டுலயே இரும்மான்னு. ஏசி ரூம், தனிக் கட்டில், பாத்துக்க நர்ஸ். அஞ்சுகம் பிடிவாதமா, இல்லை, நான் திண்டிவனத்துலதான் சாவேன், என்னை அங்க கொண்டுபோய் விடுன்னு சொல்லிட்டா. கார் வந்து நின்னப்ப வாசக் கதவை அகலத் திறந்து வச்சேன். முப்பத்தாறு வருஷம், சும்மாவா? என்ன இருந்தாலும் புருஷன்கிட்ட வந்து சேந்துட்டா பாருன்னு நெனச்சேன். எனக்காகத்தான் வந்தான்னு நெனச்சேன் சார். நானே எந்திரிச்சுப் போய்ப் பாயை விரிச்சேன். அது என் பட்டியல்ல இல்லை, இருந்தாலும் விரிச்சேன்.

ஒன்பது நாள் இருந்தா. பேசலை. பீரோ கதவைத் திறந்து வைங்கன்னு ஒரு நாள் சைகை காட்டினா. திறந்து வச்சேன். அந்தப் பட்டியலையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா. எனக்குப் பெருமையா இருந்துது. பத்தாம் நாள் காலைல ஏழு மணிக்குப் போயிட்டா.

சொந்தக்காரங்க வந்தாங்க, தெரு வந்துது, கோர்ட்டுலேருந்து நாலு பேர் வந்தாங்க. குளிப்பாட்டி, கோடி போத்தி, எல்லாம் ஆச்சு. பிள்ளை இல்லை, அதனால புருஷன் நான்தான் கொள்ளி வைக்கணும். குளிச்சிட்டு ஈர வேட்டியோட சட்டியைத் தூக்கக் குனிஞ்சேன். இந்துமதி முன்னால வந்து நின்னுது. கையில ஒரு காகிதம். அத்தனை பேர் முன்னாலயும் அதை என்கிட்ட நீட்டிச்சு.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? முதல்ல மார்ஜின் பாத்தேன். பழக்கம். மார்ஜின் சரியா இருந்துது. தேதி இருந்துது, புரட்டாசி ஒண்ணு. வரிசை எண் இருந்துது. கீழ ஸ்டாம்ப் இருந்துது. ஒப்புதல் அளிக்கப்பட்டது. என் இனிஷியல். ஊறுகாய்க்கும் பரணுக்கும் நடுவுல செருகி வச்சிருக்கா சார். நான் குத்தியிருக்கேன்.

இருங்க, நகல் வச்சிருக்கேன். அசல் அந்தப் பொண்ணுகிட்ட இருக்கு. படிக்கறேன்.

'சட்டம் எண் ஒன்று. மாநிலப் பட்டியல், எண் பத்தின் கீழ் இயற்றப்பட்டது. ஒன்று: நான் இறந்தால் எனக்கு என் மகள் இந்துமதி கொள்ளி வைப்பாள். இரண்டு: என் கணவர் என் உடலைத் தொடக் கூடாது, சுடுகாட்டு எல்லைக்குள் வரக் கூடாது. மூன்று: இதற்குக் காரணம் கேட்டு வரும் மனுக்கள் திருப்பப்படும். நான்கு: இச்சட்டம் இம்மாநிலம் முழுமைக்கும் செல்லும்.'

அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷத்துல அவ போட்ட ஒரே சட்டம். மத்ததெல்லாம் ஊறுகாய்.

மச்சான் ஒருத்தர், கிழிச்சுப் போடுங்க மாமா, பொம்பளை கொள்ளி வைக்கறதாவதுன்னு பாய்ஞ்சார். நான் கையைப் பிடிச்சேன். எப்படிக் கிழிக்க முடியும்? அவ பட்டியல், அவ அதிகாரம், முறையா இயற்றி முறையா ஒப்புதல் வாங்கின சட்டம். அதைக் கிழிச்சா அந்த முப்பத்தாறு வருஷமும் என்னது? சுடுகாட்டு கேட் வரைக்கும் பின்னாலயே போனேன். கேட்டுக்கு வெளியில ஒரு புளியமரம் இருக்கு, அங்க நின்னேன். அந்தப் பொண்ணு சட்டியைத் தூக்கிக்கிட்டு உள்ள போச்சு. ஈர வேட்டி என் உடம்புலயே காஞ்சுது. புகை மட்டும் தெரிஞ்சுது. எல்லாரும் வெளிய வந்து என்னைப் பாக்காத மாதிரி போனாங்க.

அங்க நின்னப்பத்தான் அந்த நாலாவது விதி புரிஞ்சுது எனக்கு. இம்மாநிலம் முழுமைக்கும். ஒரு மாநிலம் போடற சட்டம் அந்த மாநில எல்லைக்குள்ளதான் செல்லும், வெளிய செல்லாது. பாண்டியில செத்திருந்தா இந்தக் காகிதம் வெறும் காகிதம். நான் போய்க் கொள்ளி வச்சிருக்கலாம், ஒருத்தி தடுக்க முடியாது. அதுக்காக, அதுக்காக மட்டும், அந்த உடம்போட, ஏசி ரூமை விட்டுட்டு என் பாய்ல வந்து படுத்திருக்கா. பிராந்திய அதிகார எல்லை. எங்க கூடப் படிச்ச எத்தனை பேருக்கு அது கடைசி வரைக்கும் விளங்கலை. அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தா? பீரோ கதவுதான்.

கோபமா இருக்கு சார். பிரிச்சுக் குடுத்த அதிகாரத்தை இப்படியா பயன்படுத்தறது? நான் ஒரு நாளாவது என் பட்டியலை வச்சு அவளை நோகடிச்சிருக்கேனா? கேட்டா சொல்லியிருப்பேனே, என்ன குறைன்னு. எழுத்துல குடுத்திருந்தா.

இன்னைக்குப் பதினாறாம் நாள். காரியத்தைப் பாண்டியில தன் வீட்டுலயே வச்சிருக்கு அந்தப் பொண்ணு. பத்தரைக்குப் படையல். என்னென்ன வைப்பாங்கன்னு தெரியலை, அவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாது, உணவு அவ பட்டியல். ஆனா பாருங்க, அது பாண்டி. அவ சட்டம் அங்க செல்லாது. கருமாதி எந்தப் பட்டியல்லயும் இல்லை, மிச்ச அதிகாரம், அது என்னுது. நான் தாராளமா போகலாம். அவ படத்துக்கு முன்னால ஒரு நிமிஷம் நிக்கணும் சார். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. எதுவும் பேச மாட்டேன். நின்னுட்டு வந்துடுவேன்.

ஒரே ஒரு இடம்தான் இடிக்குது. அஞ்சு வருஷம் முன்னால நான் எழுதின கடிதம். அந்நிய நாடு. இரு தரப்பிலும் முன் அனுமதி. அது இன்னும் அமல்ல இருக்கு, யாரும் ரத்து பண்ணலை. அதனால போன வாரம் இந்துமதிக்கு ஒரு மனு அனுப்பினேன், படையலுக்கு வர அனுமதி கேட்டு. மார்ஜின், தேதி, இணைப்பு எல்லாம் வச்சு. நேத்து பதில் வந்துது. இதோ, நீங்களே படிங்க.

'மனு கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது.'

கையெழுத்தைப் பாருங்க, அவங்கம்மா கை அப்படியே. வாக்கியம் என்னுது. ஒரு எழுத்து கூடலை, ஒரு எழுத்து குறையலை. படிச்சதும் ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாத்தான் இருந்துது, என் பொண்ணு பாருன்னு. அப்பறம் அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை எழுதியிருக்கேன்னு விரல் விட்டு எண்ணினேன்.

ஆ, பட்டானூர். இதைத் தாண்டினா பாண்டி. அதோ அந்தப் பெரிய கட்டடம் தெரியுது பாருங்க, அதுதான் ஆஸ்பத்திரி. எல்லையிலேருந்து எட்டி நடந்தா அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.

நான் இறங்கிக்கறேன். பீரோவுல பூட்டி வச்சிருந்த போனை இன்னைக்குக் கையோட எடுத்துட்டு வந்திருக்கேன், அதுல பதில் வந்தாலும் வரும், பக்கத்துல இருந்தா உடனே போயிடலாம். வராமயா போயிடும்? பத்தரைக்கு இன்னும் நேரம் இருக்கு.

அந்தச் சட்டத்தை யோசிச்சுப் பாருங்க, ஓட்டை ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. சாயந்தரம் திரும்பறப்ப இடது பக்கம் ஜன்னலோரமா உக்காந்துக்குங்க. இந்த நிழற்குடையிலதான் இருப்பேன்.